வாசல் கணினியின் பொறுமை

மருந்துக் கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண், "டேட் ஆஃப் பர்த்?" என்று விசாலாக்ஷியைப் பார்த்துத்தான் கேட்பாள். அவள் வாய் மூடுவதற்குள் சுவாமிநாதன் பதிலைச் சொல்லி முடித்திருப்பார். மாதம், தேதி, வருடம், அமெரிக்க வரிசையில். விசாலாக்ஷியின் உதடுகள் முதல் எழுத்துக்காகக் குவிந்தபடியே நிற்கும். சுவாமிநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மனைவியிடம் "போலாமா?" என்பார். "போலாம்" என்று அதற்கும் அவரே பதில் சொல்லிவிட்டு நடப்பார்.

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் குடியிருக்கும் சுவாமிநாதனுக்கு வயது அறுபத்தெட்டு. மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் வேலிடேஷன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓர் இயந்திரம் செய்ய வேண்டியதைச் செய்கிறதா என்று சோதித்து, எழுதி, மேலே இருப்பவரிடம் கையெழுத்து வாங்குவதுதான் அவருடைய வேலை. ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. வெந்நீர் ஹீட்டரின் சூட்டை இரண்டு டிகிரி ஏற்றினாலும் ஒரு படிவம் உண்டு. மாற்றம், காரணம், பாதிப்பு, ஒப்புதல் என்று நான்கு கட்டங்கள். ஒப்புதல் கட்டம் விசாலாக்ஷியுடையது. முன்பெல்லாம் "ஏன்னா, ஹீட்டருக்கெல்லாமா கையெழுத்து? நம்ம கல்யாணத்துக்கே யாரும் என்னைக் கேக்கலை" என்று சொல்லிக்கொண்டே, கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு விசாலாக்ஷி கையெழுத்துப் போடுவார்.

விசாலாக்ஷி ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவர். நூலகத்தில் சத்தமாகப் பேசுகிறார் என்று வாசகர்கள் புகார் கொடுத்த ஒரே ஊழியர். சென்ற ஆண்டு ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. வலது கை பாதி திரும்பியது. பேச்சு திரும்பியது, ஆனால் நடந்து வருகிறது. கேட்பதெல்லாம் உடனே புரிகிறது. சொல்ல வேண்டியதும் தெரிகிறது. தெரிந்தது வாய்க்கு வந்து சேரத்தான் நேரமாகிறது.

பேச்சுப் பயிற்சி தருபவள் ரக்ஷா. பக்கத்து ஊரான எடிசனில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பன்னிரண்டு வகுப்புகளுக்கு ஒருமுறை அவள் ஒரு மதிப்பீடு செய்து காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் பன்னிரண்டு வகுப்பு. தெரியாவிட்டால் அத்தோடு சரி. ஜூலையில் நடந்த மதிப்பீட்டில் முப்பது கேள்விகள். அவற்றில் பதினொன்றுக்குச் சுவாமிநாதன் விடையளித்தார். எல்லாம் சரியான விடைகள். விசாலாக்ஷியின் மதிப்பெண்தான் ஏறவில்லை.

"அங்கிள், ஷீ நோஸ் தி ஆன்சர். ஷீ ஜஸ்ட் நீட்ஸ் டைம்" என்றாள் ரக்ஷா.

"ஐ நோ, ஐ நோ. அவளுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்."

அடுத்த முறை அவரை வெளியே உட்கார வைக்கலாமா என்று ரக்ஷா கேட்டபோது, விசாலாக்ஷி கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதனால் ரக்ஷா வேறொரு வழி சொன்னாள். குடும்பத்தார் புகைப்படங்கள் அனுப்பட்டும். ஆன்ட்டி ஒவ்வொரு படத்தையும் பார்த்து, யாரும் பக்கத்தில் இல்லாமல், தோன்றியதைப் பேசிப் பதிவு செய்யட்டும். அந்தப் பதிவுகளையும் மதிப்பீட்டோடு சேர்த்து அனுப்பலாம்.

லிவர்மோரில் இருக்கும் மகன் கௌசிக், "கிளவுட்ல போட்டா ரெண்டு நிமிஷ வேலைப்பா" என்றான். சுவாமிநாதன் மனைவி பக்கம் திரும்பி, "உன் குரல் வெளியில ஏதோ கம்பெனி மெஷின்ல இருந்தா உனக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டார். விசாலாக்ஷி இடது உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார். சுவாமிநாதன் புதுப் படிவம் எடுத்து, "வீட்டிலேயே" என்று எழுதினார்.

பேஸ்மென்டில் இருந்த பழைய கணினியில் ஆல்பம் மென்பொருளை ஏற்றியாயிற்று. ஆனால் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இல்லாத எந்தத் தளத்துக்கும் பிரவுசர் மைக்கைத் திறந்துவிடாது என்று தெரிந்தது. எனவே பழைய கணினிக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் இன்னொரு கணினி வந்தது. அதில் ஒரு வெப் சர்வர், பூட்டுக்கான சான்றிதழ், வீட்டுக்கென்று ஒரு முகவரி. வெளியிலிருந்து யார் எதைக் கேட்டாலும் முதலில் இந்தச் சின்னதிடம்தான் கேட்க வேண்டும். அது உள்ளே போய்ப் பெரியதிடம் கேட்டு, கிடைத்ததை வாங்கி வந்து, தானே சொல்வதுபோலச் சொல்லும். இந்த ஏற்பாட்டுக்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். சுவாமிநாதன் படிவத்தில் அதை 'வாசல் கணினி' என்று குறித்தார்.

அமைப்புக் கோப்பில் தனக்குப் புரிந்த வரிகளை மட்டும் எழுதினார். புரியாத ஒரு வரியைக்கூடச் சேர்க்கவில்லை என்பதில் அவருக்குத் திருப்தி. நாம் எழுதாத வரிகளுக்கு மென்பொருள் தானாகவே ஓர் அளவை வைத்துக்கொள்ளும் என்பது அவருடைய கவனத்துக்கு வரவில்லை.

பிறகு சோதனை. முறைப்படி பன்னிரண்டு சோதனைகள். டேப்லெட்டைச் சமையலறை மேஜையில் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "திஸ் இஸ் டெஸ்ட் நம்பர் ஒன்" என்று தொடங்கி ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி பேசினார். பன்னிரண்டும் தேறின. பன்னிரண்டிலும் பேசியவர் அவரேதான்.

முதல் வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. குடைப் படத்துக்குக் "குடை." சாவிக்குச் "சாவி." சம்பந்தி நாகலக்ஷ்மியின் படத்துக்கு விசாலாக்ஷி ஒன்றும் சொல்லாமல் அடுத்த படத்துக்குப் போனதைச் சுவாமிநாதன் வாசற்படியிலிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் வாரம் கௌசிக் ஒரு படம் அனுப்பினான். அவன் புதிதாக வாங்கிய வெள்ளை சோபாவில் அவனுடைய நாய் படுத்திருந்தது. விசாலாக்ஷி அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த அறையில் இருந்த சுவாமிநாதனுக்கு அவர் பேசுவதும் நிற்பதும் பேசுவதுமாகக் கேட்டது. கடைசியில் பொத்தானை அழுத்தினார். திரையில் சக்கரம் சுற்றியது. பிறகு 504 என்று ஓர் எண் வந்தது. மறுபடி பேசினார். மறுபடி 504. மூன்றாவது முறையும் அதே.

விசாலாக்ஷி டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். தான் பேசியதைத்தான் இயந்திரம் தப்பு என்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. சுவாமிநாதன் எவ்வளவு சொல்லியும் அதை நிமிர்த்தவில்லை. அடுத்த மதிப்பீட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. ரக்ஷாவுக்குக் கொடுக்கக் கையில் இருந்தது ஒரு குடை, ஒரு சாவி.

504 என்றால் உள்ளேயிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்று பொருள். பதில் தராதது யார்? உள்ளே இருக்கும் கிழம். இதில் சுவாமிநாதனுக்கு ஐயமே இல்லை. விசிறியைக் கழற்றித் தூசி தட்டினார். நினைவகத்தை இரட்டிப்பாக்கினார். காற்றுப்படும் இடமாகப் பார்த்து மேஜை மேல் ஏற்றினார். தானே பத்து விநாடி பேசிப் பார்த்தார், தேறியது. கேசரி செய்முறையை ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்தார், 504. வாசல் கணினியை அவர் சந்தேகிக்கவில்லை. அது பன்னிரண்டு சோதனைகளில் தேறியது.

இரண்டு நாள் கழித்துப் படிவம் எழுதினார். மாற்றம்: பழைய கணினியை அழித்து அகற்றுதல். காரணம்: மெதுவானது, பயனற்றது. பாதிப்பு: இல்லை. ஒப்புதலுக்காக அதை விசாலாக்ஷியின் முன்னால் வைத்தார்.

விசாலாக்ஷி முழுவதும் படித்தார். பேனாவை வாங்கினார். பிறகு அதைப் படிவத்தின் குறுக்கே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏன், ஒரு கையெழுத்துதானே?"

விசாலாக்ஷி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் கையெழுத்தாகாத முதல் படிவம் அது. ஒப்புதல் இல்லாமல் எதையும் மாற்றக்கூடாது என்பது சுவாமிநாதனே வைத்த விதி. வேறு வழியின்றி அவர் மகனைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை காலை, லிவர்மோரில் கௌசிக் காபிக் கோப்பையுடன் திரையில் வந்து உட்கார்ந்தான். இந்தப் பக்கம் சுவாமிநாதனும் விசாலாக்ஷியும். அவன் தூரத்திலிருந்தே பழைய கணினிக்குள் நுழைந்து பார்த்தான்.

"அப்பா, இதுல அம்மா ரெக்கார்டிங் மூணு இருக்கே."

"எப்படி இருக்கும்? எரர்னா வந்தது?"

"எரர் உங்களுக்கு வந்தது. உள்ள எல்லாம் ஒழுங்கா சேவ் ஆயிருக்கு. இருங்கோ, ப்ளே பண்றேன்."

முதலில் மூச்சுச் சத்தம். பிறகு ஒரு சொல். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் முனகல். இன்னொரு சொல். சுவாமிநாதன் இருமுறை வாயைத் திறந்து மூடினார். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி கழிந்தபோது ஒரு வாக்கியம் முழுதாகியிருந்தது: "அந்த நாய்... சோபால... உக்காந்துண்டு... இருந்தா... நான்... உங்காத்துக்கு... வரமாட்டேன்."

கௌசிக் காபியைக் கீழே வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அம்மா, அதுக்கு பிஸ்தான்னு பேரு வெச்சிருக்கோம்மா. அந்த நாய்ங்கறியே."

விசாலாக்ஷியின் முகத்தில் பேருக்கெல்லாம் மசிகிற குறி எதுவும் தெரியவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

"அப்போ கோளாறு எதுலடா?" என்றார் சுவாமிநாதன்.

"உள்ள இருக்கற மெஷின் மேல ஒரு தப்பும் இல்லப்பா. நீளமான ஆடியோன்னா க்ளீன் பண்ணி வைக்க அதுக்கு ரெண்டு, மூணு நிமிஷம் ஆறது. ஆனா பண்ணிடறது. வாசல்ல ஒண்ணை நிறுத்தி வெச்சிருக்கேளே, அதுதான் பொறுக்கமாட்டேங்கறது. அறுபது செகண்ட் பாக்கறது, அப்புறம் உள்ள யாரும் பதில் சொல்லலைன்னு தானா ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிடறது."

விசாலாக்ஷியின் இடது கை மெல்ல மேலே வந்தது. ஆள்காட்டி விரல் நீண்டு கணவரின் சட்டைப் பொத்தானுக்கு நேராக நின்றது.

"நீ... ங்க... தான்."

"என்னம்மா சொல்றே?" என்றான் கௌசிக்.

"நான்தான்கறா" என்று சுவாமிநாதன் மகனுக்கு விளக்கினார்.

கௌசிக் சிரிப்பை அடக்குவதற்காகக் கேமராவை அணைத்துவிட்டான். கொஞ்சம் பொறுத்துத்தான் சுவாமிநாதனுக்குத் தான் செய்தது உறைத்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று பகலே புதுப் படிவம் தயாரானது. மாற்றம்: வாசல் கணினி காத்திருக்கும் நேரம், 60 விநாடியிலிருந்து 300 விநாடி. காரணம் என்ற கட்டத்தை மட்டும் அவர் காலியாக விட்டிருந்தார். விசாலாக்ஷி இடது கையால் பேனாவை வாங்கி, 300ஐ அடித்துவிட்டு, கோணலாக 600 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுவாமிநாதன் பேஸ்மென்டுக்குப் போய் அறுநூறு என்றே வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் டேப்லெட் நிமிர்ந்திருந்தது. நாகலக்ஷ்மியின் படத்துக்கு விசாலாக்ஷி ஆறு நிமிடம் பேசினார். அந்தப் பதிவை ரக்ஷாவுக்கு அனுப்ப வேண்டாம் என்று வீட்டில் முடிவானது.

மதிப்பீட்டு நாளன்று ரக்ஷாவின் அறையில் மூன்று நாற்காலிகள். சுவாமிநாதன் தன்னுடையதைச் சுவர்வரை பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ரக்ஷா காகிதங்களை அடுக்கிவைத்து, விசாலாக்ஷியின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"ஓகே ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் ஒன். ஹூ கேம் வித் யூ டுடே? ஃபுல் நேம், ப்ளீஸ்."

விசாலாக்ஷியின் உதடுகள் முதல் எழுத்துக்காகக் குவிந்தன. குவிந்தபடியே நின்றன. சுவரோரமாக உட்கார்ந்திருந்த சுவாமிநாதன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.