புயல் தூக்கிய டோலி

அவளைப் புயல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கட்டட வேலையில் தலை நிறையச் செங்கல்லோடு சாரம் ஏறுகிறவள். அவள் புருஷன் மலையடிவாரத்தில் டோலி தூக்குபவன். நீளக் கழியில் நாற்காலியைக் கட்டி, நடக்க முடியாதவர்களை உச்சியிலிருக்கும் பழைய சமணக் கோயிலுக்குக் கொண்டுபோவான். முன்கழி பிடிப்பவன் அவளுடைய தம்பி.

அன்று காலை தம்பிக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. வாசலிலோ, மூட்டுவலியோடு ஒரு டீச்சரம்மா காத்திருந்தார்.

"மத்த ஆளுங்கல்லாம் மேல போயிட்டாங்கம்மா," என்று புருஷன் கையைப் பிசைந்தான்.

"முன்னால நான் பிடிக்கிறேன்," என்றாள் புயல்.

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கிறவங்க வந்து தூக்கட்டும்."

டீச்சரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கீழ போட்டுட மாட்டியே?"

"போட்டா நானும் சேர்ந்துதாம்மா விழுவேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்து ஏறி உட்கார்ந்தார்.

முதல் திருப்பத்திலேயே தோள் தீயாய் எரிந்தது. புயல் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம் என்றிருந்த இடத்தில் டீச்சரம்மா அலறினார்.

"நில்லும்மா! எறும்பு!"

படியை மறித்து எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. "எந்த உயிரையும் கொல்லாதேன்னு சொன்ன சாமிம்மா. ஒண்ணு செத்தாலும் நான் வந்ததுக்கே அர்த்தமில்ல," என்றார் அவர்.

"ஏங்க, கெட்டியாப் பிடிச்சுக்குங்க. தாண்டறேன்!"

எட்டி மேற்படியில் கால் வைத்தாள். நாற்காலி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. "அடியேய்!" என்று புருஷன் கத்தினான். அவள் தோளை ஒரு வெட்டு வெட்டி நிமிர்த்தினாள். அவனும் தாண்டிவிட்டான். எறும்புகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

அதோடு பயம் விட்டுப்போயிற்று. கிட்டத்தட்ட ஓடினாள். முன்னால் போன டோலிக்காரர்கள் திரும்பிப் பார்த்து, "வழி விடுங்கடா, புயல் வருது!" என்று கூவி ஒதுங்கினார்கள்.

உச்சியில் டீச்சரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்தார். ஒரே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர், கைகளைத் தொங்கவிட்டு வானத்தை முட்டிக்கொண்டு நின்றிருந்தார். இத்தனை வருஷம் அடிவாரத்திலேயே குடியிருந்தும் புயல் பார்த்ததில்லை. வாய் பிளந்து அண்ணாந்தாள்.

"அம்மாடி! இதுக்கு யாரு சாரம் கட்டினாங்களோ!"

டீச்சரம்மாவுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. பிறகு இருவரும் கைகூப்பி நின்றார்கள்.

மறுநாள் அவளுக்குத் தோள் வீங்கியிருந்தது. புருஷன் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். "டோலி தூக்குற அந்தம்மா வீடு இதுதானே? எங்களையும் மேல தூக்கிட்டுப் போவாங்களா?"

"நாளைக்கு வாங்க," என்றான் அவன்.

"ஏன், இன்னிக்கே போலாமே!" என்று புயல் எழுந்துவிட்டாள்.