சமநிலைக்கு வந்த அத்தை

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் மூச்சுப்பிடியார். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று காலையிலிருந்து மாலைவரை சொல்லிச் சொல்லி அது அவர் நாக்கிலேயே குடியேறிவிட்டது. வீட்டில் மனைவி ஏதாவது கேட்டுச் சண்டைக்கு வரும்போதும் தன்னை அறியாமல் "அப்படியே பிடிங்க" என்பார். அவள் பிடிக்கமாட்டாள்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கி நிற்கிற நோயாளியை அவர் அப்படியே விட்டதில்லை. தாடையை நிமிர்த்துவார், தோளை முன்னால் தள்ளுவார், எட்டப் போய் நின்று பார்ப்பார், திரும்ப வந்து இடுப்பைத் திருப்புவார். இரண்டு பக்கமும் நூல் பிடித்தாற்போல் வந்த பிறகுதான் பொத்தான். இந்தப் பழக்கத்தோடு போய் ஒரு கேமராவும் வாங்கினார் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. மைத்துனன் கல்யாணத்தில் அவர் எடுத்த படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏதோ பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள். மைத்துனன் இன்றுவரை அந்தப் படத்தை மாட்டவில்லை.

நூலகத்து மாடியில் ஒரு புகைப்படச் சங்கம் இருந்தது. அது வருடாவருடம் போட்டி வைக்கும். இவரும் வருடாவருடம் அனுப்புவார். பாலம் என்றால் நட்டநடுவில் பாலம், மரம் என்றால் நட்டநடுவில் மரம். தலைமை நடுவர் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஒருமுறை இவருடைய படத்துக்கு முன்னால் நின்று, "எலும்பு நல்லாத் தெரியுது. உயிரைத்தான் காணோம்" என்றார். கூடம் சிரித்தது. மூச்சுப்பிடியாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். பிறகு ஒரு வாரம் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அந்த ஆண்டு முதல் பரிசு வாங்கிய படம் ஒரு பூனை. பூனை என்றால் முழுப் பூனைகூட இல்லை; மூலையில் ஒரு காதும் கொஞ்சம் முதுகும். மீதி முழுக்க வெள்ளைச் சுவர். "இந்தச் சுவரோட வெறுமைதான் பூனையோட எடையைத் தாங்குது. இதுதான் சமநிலை" என்று நடுவர் விளக்கினார். மூச்சுப்பிடியார் தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தார், அப்படிச் சாய்த்துப் பார்த்தார். சுவர்தான் தெரிந்தது.

"அது ஒண்ணுமில்ல. பூனை ஓடிடுச்சு, அதுக்குள்ள இவன் அழுத்திட்டான்" என்றாள் மனைவி.

அடுத்த ஆண்டுப் போட்டிக்குத் தலைப்பு அறிவித்தார்கள்: சமச்சீர். மூச்சுப்பிடியாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாள் மற்றவர்கள் ஆடிய ஆட்டத்தில் இவர் போய்த் தோற்றார். இப்போது ஆட்டமே இவர் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. அன்றே அவருக்கு அத்தைகள் ஞாபகம் வந்தார்கள்.

அவருடைய அப்பாவுக்கு இரண்டு தங்கைகள், இரட்டைப் பிறவி. பெரியத்தை முதலில் பிறந்தவள். சின்னத்தை அவள் பின்னாலேயே வந்தவள். சண்டை வரக்கூடாது என்று அப்பா எதை வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவார். ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி திரைச்சீலை, ஒரே துணியில் வெட்டிய பச்சை உடுப்பு. கடைசியில் ஒரே கட்டடத்தில் எதிரெதிர்க் கதவுள்ள இரண்டு வீடு. அவர் கண்ணை மூடும்வரை சண்டை வரவில்லை.

பிறகு ஒரு விருந்தில் யாரோ ஒரு பெண் சின்னத்தையைப் பார்த்து, "நீங்கதான் மூத்தவங்களா?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்திலேயே பெரியத்தை நின்றிருந்தாள். இல்லை என்று சொல்லவில்லை. சிரித்தாள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காகச் சின்னத்தை சாத்திய கதவு பல வருடமாகத் திறக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி கைப்பிடியைப் பார்ப்பாள், மற்றவள் கூரையைப் பார்ப்பாள்.

மூச்சுப்பிடியார் மனக்கண்ணில் கண்ட படம் இதுதான்: இரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் நடுவே நீளமான நடை, கோடியில் ஜன்னல், இடப்பக்கக் கதவில் ஒரு அத்தை, வலப்பக்கக் கதவில் ஒரு அத்தை, ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி பச்சை உடுப்பு. பேசவே வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

"ரெண்டு பேரையும் ஒரே படத்துலயா? மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. நீங்க மத்தளம், ஞாபகம் வெச்சுக்கங்க" என்றாள் மனைவி.

அவர் முதலில் பெரியத்தை வீட்டுக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. "அவ எதுக்கு?"

"படம் உங்களைத்தான் அத்தை எடுக்கிறேன். எதிர்ல சும்மா ஒரு ஆள் வேணும், சமநிலைக்கு. அவ்வளவுதான்."

"சமநிலைக்குன்னா சரி" என்றாள் பெரியத்தை.

வெளியே வந்து, எதிர்க் கதவைத் தட்டி, சின்னத்தையிடம் அதே வாக்கியத்தை எழுத்து மாறாமல் சொன்னார். அவளும் சரி என்றாள். படி இறங்கும்போது தன் சாமர்த்தியத்தை எண்ணித் தானே மெச்சிக்கொண்டார்.

படம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. இருவரும் எதிராளியை நேராகப் பார்க்காமல் கேமராவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி இடது கையை நாற்காலிக் கைப்பிடியில் வைத்தாள், மற்றவள் வலது கையை வைத்தாள். அதை அவர் சொல்லவேயில்லை, தானாக அமைந்தது. தோள்களைத் திருத்தினார், தாடையை நிமிர்த்தினார். "மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க." இரண்டு அத்தைகளும் பிடித்தார்கள். கிளிக்.

படத்தைக் கணினியில் திறந்து பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது. ஜன்னல் நடுவில், கதவுகள் இருபுறமும், அத்தைகள் அச்சில் வார்த்த மாதிரி. வாழ்நாளில் அவர் எடுத்த ஆகச்சிறந்த நெஞ்சு எக்ஸ்ரேகூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

பத்து நாள் கழித்துச் சங்கச் செயலாளர் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. "சார், உங்க படத்தைத் தள்ளிட்டாங்க. ஒரு பாதியை எடுத்துக் கம்ப்யூட்டர்ல திருப்பி ஒட்டியிருக்கீங்கன்னு தலைமை நடுவர் சொல்றார். இயற்கையில இவ்வளவு பொருத்தம் கிடையாதாம்."

"அவங்க ரெண்டு பேருங்க. ரெண்டு பேரும் என் அத்தைங்க."

"அப்ப ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. புதன்கிழமை சாயங்காலம்."

போனை வைத்துவிட்டு மூச்சுப்பிடியார் தண்ணீர் குடித்தார். இந்தத் தடவை பொய் எதுவும் தேவைப்படவில்லை. உங்களைக் கண்ணாடிப் பிம்பம் என்கிறார்கள் என்று சின்னத்தையிடம் சொன்னதும், "நான் ஒருத்தி இல்லவே இல்லைங்கிறானா அவன்?" என்று எழுந்து செருப்பைத் தேடினாள். புதன்கிழமை வரைக்கும் அவளை அடக்கி வைப்பதே பெரும்பாடாக இருந்தது. பெரியத்தை அளவாகத்தான் பேசினாள். "அசல் யாருன்னு சொல்லணும்ல. வரேன்."

வாடகைக் காரில் அவர் நடுவில், அத்தைகள் இரு பக்கமும். வழிநெடுக இருவரும் ஆளுக்கொரு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நூலக மாடியில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தையும் அத்தைகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கொஞ்சம் வெளிறியது. "ரெண்டு பேர்தான். ஆனா நம்பவே முடியல. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்ல" என்றார்.

இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நல்லாப் பாருங்க ஐயா" என்றாள் சின்னத்தை. "அந்தம்மாவுக்கு ஒரு காது கீழ இறங்கியிருக்கும். எனக்கு ரெண்டும் சமம்."

"காதைப் பத்திச் சொன்ன அம்மாவோட மூக்கைப் பாருங்க ஐயா" என்றாள் பெரியத்தை. "சின்னதுல கதவுல இடிச்சுக்கிட்டது. இன்னும் நேராகல."

"கதவைச் சாத்துனது யாருன்னு கேளுங்க ஐயா."

நடுவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அதற்கு இடமும் கிடைக்கவில்லை. புருவம் வந்தது, நெற்றி வந்தது, கழுத்து மச்சம் வந்தது. ஒருத்தியைப் பற்றி ஒருத்தி நடுவருக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். அருகில் நின்ற மூச்சுப்பிடியார் ஒவ்வொன்றுக்கும் படத்தைக் குனிந்து பார்த்தார். எல்லாம் இருந்தது. இவ்வளவு நாள் அவர் கண்ணுக்கு ஒன்றுகூடப் படவில்லை.

"ஒரு வருஷமா அவங்க இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாங்க" என்றாள் சின்னத்தை, கடைசியாக. "அதனாலதான் படத்துலயும் ஒரு பக்கமாச் சாஞ்சு உட்கார்ந்திருக்காங்க. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க ஐயா."

பெரியத்தை இடது காலைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு நடுவரையே பார்த்து, "நான் நடக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேளுங்க" என்றாள்.

"கதவுல ஓட்டை எதுக்கு வெச்சிருக்கு?" என்றாள் சின்னத்தை.

தலைமை நடுவர் படத்தை மேசையில் வைத்து நெற்றியைத் தேய்த்தார். "ஒட்டு வேலை இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா ஒரு சிக்கல். இவங்க சொன்னதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு இது சமச்சீராவே தெரியல. இந்தக் காது, இந்த மூக்கு, இந்தச் சாய்வு. தலைப்புக்கே பொருந்தலையே."

முன்பு அளவுக்கு மிஞ்சிப் பொருந்தியதால் தள்ளினார்கள், இப்போது பொருந்தவில்லை என்று தள்ளுகிறார்கள். மூச்சுப்பிடியார்மேல் இரக்கப்பட்ட இன்னொரு நடுவர், "சமச்சீர் இல்லைன்னா சமநிலைன்னு எடுத்துக்கலாமே. ஒரு ஆறுதல் பரிசுக்காவது பார்க்கலாம். எடுக்கும்போது மனசுல என்ன கருத்து வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்" என்று பெரியத்தை முந்திக்கொண்டாள். "படம் என்னோடது. எதிர்ல இருக்கிறவங்க சும்மா சமநிலைக்கு."

"அது தப்பு ஐயா" என்றாள் சின்னத்தை. "படம் என்னோடது. அவங்கதான் சமநிலைக்கு. மருமகனே என்கிட்ட சொன்னான்."

மூச்சுப்பிடியார் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பெரியத்தை மெதுவாகத் திரும்பினாள். நடுவரை விட்டுவிட்டு, கூரையை விட்டுவிட்டு, தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உன்கிட்ட என்னடி சொன்னான்?"

"நீ சும்மா சமநிலைக்குன்னு."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னான்."

இருவரும் சேர்ந்து இவர் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் யாராவது ஒரு படம் எடுத்திருந்தால் அதற்குத் தாராளமாக முதல் பரிசு கொடுத்திருக்கலாம். "அத்தை, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று தொடங்கினார். அதற்கு மேல் என்ன சொல்ல வந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. "பேசாதே" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

ஆறுதல் பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அத்தைகள் அவரை விட்டுவிட்டு வாடகைக் காரில் ஏறினார்கள். அதற்கு முன் மாடிப்படி இறங்கும்போது சின்னத்தை, அக்காவின் முகத்தைப் பார்க்காமலேயே, அவளுடைய இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியத்தை உதறவில்லை. கார் போன பிறகு மூச்சுப்பிடியார் கொஞ்ச நேரம் தெருவில் நின்றார். பிறகு படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னார். "போன் போட்டு ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேளுங்க" என்றாள் அவள்.

பெரியத்தைக்குப் போட்டார். வேறொரு அழைப்பில் இருப்பதாக வந்தது. சின்னத்தைக்குப் போட்டார். அவளும் வேறொரு அழைப்பில். சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பவும் போட்டார். அப்படியேதான் இருந்தது.

"எதிரெதிர் கதவு" என்றார் புரியாமல். "கதவைத் திறந்தாப் பேசிக்கலாமே."

"அதெப்படி? யாரு முதல்ல திறக்கிறது?" என்றாள் மனைவி. பிறகு தட்டை எடுத்துக்கொண்டே, "நிச்சயமா உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருப்பாங்க" என்றாள்.

"திட்டுவாங்களோ?"

"நல்லா."

அவர் போனைக் கீழே வைத்தார். மூன்றாம் முறை போடவேண்டாம், அவர்கள் ஆசைதீரத் திட்டட்டும் என்று அவருக்குத் தோன்றியது. அன்று நன்றாகத் தூங்கினார்.