சவாரித் திடலில் நான் பிடுங்கிய தடி

புத்தூரில் நடந்த அந்த மாட்டுவண்டிச் சவாரியை என்னால் மறக்க முடியாது. வண்டியை ஓட்டியவர் என் கணவர். வலப்பக்கத்து மாடு, கன்றிலிருந்து நான் வளர்த்த வெள்ளையன்.

பாதி ஓட்டத்தில், படம் பிடிக்க யாரோ விட்ட ட்ரோன் மாடுகளின் தலைக்கு மேலே இரைந்துகொண்டு இறங்கியது. அப்படியொன்றை வெள்ளையன் கண்டதேயில்லை. அது வெருண்டு திரும்பியதில் வண்டி குடைசாய்ந்தது. வெள்ளையன் கயிற்றை அறுத்துக்கொண்டு சனத்துக்குள் பாய்ந்து, எதிர்ப்பட்டவர்களை இடித்து விழுத்தியது. எல்லாரும் சிதறி ஓட, நான் குறுக்கே போய் "வெள்ளையா!" என்று கத்தினேன். என் குரல் கேட்டதும் நின்றுவிட்டது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது.

அப்போது நெற்றியில் இரத்தம் வழிய என் கணவர் ஓடி வந்தார். நுனியில் ஆணி வைத்த சவாரித் தடியால் அதன் முதுகில் மாறி மாறி அடித்தார். தோல் கிழிந்து இரத்தம் தெறித்தது.

"காணும், விடுங்கோ! அது பயந்துபோய் நிக்குது!" என்றேன்.

"சனத்துக்கு முன்னால என்ரை மானத்தை வாங்கிப்போட்டுது. விலகடி!"

பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. தடியைப் பிடுங்கி அவருடைய தோளில் ஓங்கி அடித்தேன். ஆணி சட்டையோடு சதையையும் கிழித்தது. அவர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்திவிட்டார். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருடைய கை என்மேல் எத்தனையோ தரம் விழுந்திருக்கிறது. என் கை உயர்ந்தது அன்றுதான்.

இரண்டு பேருடைய காயமும் ஆறிவிட்டது. ஆனாலும் கடிக்க வந்த நுளம்பை அடிக்க நான் கையை உயர்த்தினால் வெள்ளையன் பின்வாங்குகிறது. அவரும் பின்வாங்குகிறார். மாட்டைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.