கையை நீட்டும் வேலைக்காரி

நான் வரையும் இரத்தக் காட்டேரி சித்திரக்கதையைப் பிரதி எடுக்க, இன்று மாத்தளை டவுனில் ஒரு போட்டோகொப்பி கடைக்குப் போனேன். காட்டேரி வீட்டு வேலைக்காரிதான் அந்தக் கதையைச் சொல்கிறாள்.

தாள்களைப் புரட்டிய கடைக்காரர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். எஜமானுக்குத் தாகம் என்றதும் அவள் தானாகவே சட்டைக் கையை மடித்து நீட்டுகிற பக்கம். பார்ப்பவர்களுக்குக் குமட்ட வேண்டும் என்றுதான் அதை வரைந்தேன்.

அவர் சிரித்தார்.

"வேலைக்காரின்னா இப்படி இருக்கணும் மிஸ். எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா, எல்கடுவ தோட்டத்துப் பக்கத்துப் புள்ள. வந்து பதினாறு வருஷம். வீட்டுக்குப் போகணும்னு கேட்டதே இல்ல."

"அவங்க அம்மா, அப்பா?"

"அம்மா போன வருஷம் செத்துட்டாங்க. எங்க மக கல்யாண நேரம். சொன்னா அழுதுகிட்டுக் கிளம்பிருவாளே! கருமாதி எல்லாம் முடிஞ்ச பொறகுதான் சொன்னோம்."

ஏதோ சாமர்த்தியம் செய்தவர் போலச் சொன்னார். அவர் விரல் பட்ட தாளைத் திரும்ப வாங்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நானும் எல்கடுவதாங்க. அவ பேரு என்னா?"

சிரிப்பு நின்றது. "எத்தனை கொப்பி வேணும் மிஸ்?"

மறுபடி கேட்டேன். மெஷின் பழுது என்று தாள்களை என் பக்கம் தள்ளினார். பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பதிவைப் படிக்கும் எல்கடுவக்காரர்களே, போன வருடம் அம்மாவின் கருமாதிக்கு மகள் வராத வீடு எது? தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

காட்டேரிக்கு நீளமான பல் வரைந்தது என் பிழைதான். அதைப் பிறகு திருத்துகிறேன்.