அவளுக்கு நான் வாசித்த பாடங்கள்

சிலாவத்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த அந்த மாணவிக்கு இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். வலது கண்ணில் அதுவும் இல்லை. மன்னாரில் ஒரு விவசாயக் கல்லூரியில் நான் மண்ணியல் படிப்பிக்கிறேன். முதலாம் வருடம் முழுவதும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என் அறைக்கு வருவாள். அன்றைய பாடத்தை நான் வாசிக்க, அவள் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள். "இந்த மிஸ் இல்லாட்டி அந்தப் பிள்ளை என்ன செய்யும்?" என்று சக விரிவுரையாளர்கள் கதைப்பார்கள். எனக்குக் கேட்காத மாதிரி இருப்பேன். உண்மையில் அந்தப் பேச்சைக் கேட்கும் நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் புதிதாக ஒருவர் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, அங்கேயே படித்து, குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். பேசும்போது "ஆமா" என்று தொடங்கிவிட்டு "ஓம்" என்று திருத்திக்கொள்வார். உடற்குறை உள்ள மாணவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும்படி எங்கள் பாடங்களை மாற்ற உதவும் வேலையைக் கல்லூரி அதிபர் அவரிடம் கொடுத்தார்.

முதல் கூட்டத்தில் அவர் விளக்கினார். "ஒருத்தருக்காக பாடத்தை தனியா மாத்துறது இல்லைங்க. முதலிலேயே எல்லாருக்கும் எட்டுற மாதிரி அமைக்கிறது. நோட்ஸை வகுப்புக்கு முன்னமே அனுப்பலாம். பலகையில எழுதுறதை வாயாலயும் சொல்லலாம். தெரிஞ்சதை எழுதியோ, சொல்லியோ, செய்தோ காட்ட விடலாம்."

நான் கையை உயர்த்தினேன். "என்ர வகுப்பில அப்படி ஒரு பிள்ளைதான். அவவை நான் பாத்துக்கொள்ளுறன்."

"உங்களுக்குத் தெரிஞ்சு ஒரு பிள்ளை, மிஸ்," என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் கூடுதலாகச் சுட்டது.

மற்றப் பாடங்களின் குறிப்புகள் போனுக்கு வரத் தொடங்கின. அந்த மாணவியின் போன் அவற்றைத் தானே வாசித்துச் சொன்னது. அவள் என் அறைக்கு வருவது வாரத்தில் இரண்டு நாளானது, பிறகு ஒன்றானது, பிறகு நின்றே போனது. ஒருநாள் நூலகத்தைத் தாண்டிப் போகும்போது அவளும் அந்தப் புதியவரும் சிரிப்பது கேட்டது. என்னோடு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. புத்தகம் எடுக்கிற சாட்டில் உள்ளே போய், இரண்டு அலுமாரிகளுக்கு நடுவில் நின்று ஒட்டுக் கேட்டேன். ஏதோ ஆட்டுக்குட்டி பற்றிய கதை. அதற்கா இவ்வளவு சிரிப்பு என்று எரிச்சலோடு வெளியே வந்தேன்.

அதன்பிறகு நான் செய்தது சின்னத்தனம். என் குறிப்புகளையும் அனுப்பச் சொல்லி அதிபர் கேட்டபோது, கையால் எழுதியவற்றைப் படம் பிடித்து அனுப்பினேன். படத்தில் உள்ள என் கையெழுத்தை அவளுடைய போனால் வாசிக்க முடியாது. அது தெரிந்துதான் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து வெள்ளைத் தடியின் தட்டல் என் வாசலில் கேட்டது.

"மிஸ், உங்கட நோட்ஸை போன் வாசிக்குதில்லை."

"அதுக்கென்ன, இருங்கோ. நான் வாசிக்கிறன்." கதிரையை இழுத்துப் போட்டேன். மனம் அப்படிக் குளிர்ந்தது.

முக்கால் மணித்தியாலம் வாசித்தேன். அவள் வழமைபோலத் தலையாட்டினாள். முடிந்ததும் எழும்பாமல் இருந்தாள்.

"மிஸ், கோவிக்காதீங்கோ. இதை நீங்க ரைப் பண்ணி அனுப்பேலுமா?"

"ஏன், நான் வாசிச்சது விளங்கேல்லையா?"

"எனக்கு ரெண்டு மூண்டு தரம் கேட்டாத்தான் விளங்கும். உங்களிட்ட திருப்பித் திருப்பிக் கேக்க வெக்கமா இருக்கும். போனிட்ட வெக்கம் இல்லை."

"அப்ப போன வருசம் முழுக்க?"

"விளங்கின மாதிரி இருந்தனான், மிஸ்."

அவள் போன பிறகு, நான் அவளுக்கு வாசித்த பாடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் ஒரு கேள்வி கேட்டது நினைவுக்கு வரவில்லை. அதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வார இறுதியில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பொறாமை போய்விட்டதென்று சொன்னால் பொய். செய்முறை வகுப்பை எப்படி மாற்றுவது என்று கேட்க அந்தப் புதியவரின் அறைக்குப் போனபோதும் மனம் கசந்தது. முதலாம் வருடத்தில் மண் செய்முறையிலிருந்து அந்த மாணவிக்கு விலக்குக் கொடுத்து, பதிலாக வாய்மொழிக் கேள்வி கேட்டிருந்தேன். அதை இரக்கம் என்று அவரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "என்ன மண்ணுன்னு நீங்க எப்படி மிஸ் கண்டுபிடிப்பீங்க, பாத்தா, இல்ல தொட்டா?" என்று மட்டும் கேட்டார்.

இருபது வருடமாக நான் விரலால் உருட்டித்தான் பார்க்கிறேன். மாணவர்களுக்கு மட்டும் பலகையில் மணல், வண்டல், களி அளவுகளைக் காட்டும் முக்கோணம் கீறிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த செய்முறையில் நான்கு பேசின்களில் மண் வைத்தேன். பெயரில்லை, எண்ணில்லை. எல்லோரும் நனைத்து உருட்டிப் பார்த்துவிட்டு விரும்பிய விதத்தில் விடை தரலாம் என்றேன். அந்த மாணவி மூன்றாவது பேசினில் கைவைத்து நீளமாகத் திரி உருட்டினாள். "இது களி. உயிலங்குளப் பக்கத்து வயல் மண்ணா, மிஸ்?" என்றாள். உயிலங்குள மண்தான். மற்றவர்கள் இன்னும் இரண்டாவது பேசினில் நின்றார்கள்.

அன்று நான்கையும் சரியாகச் சொன்ன இன்னொருவர், கடைசி வாங்கில் இருக்கும் பாப்பாமோட்டைக்காரர். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கூலி வேலை செய்துவிட்டு வயது பிந்திப் படிக்க வந்தவர். கேள்வி கேட்டால் குனிந்துகொள்வார். சோம்பேறி என்று வகுப்பில் வைத்தே ஏசியிருக்கிறேன். விடைத்தாளின் அடியில் எழுதியிருந்தார்: தனக்குச் சிறு வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது, முன்கூட்டியே குறிப்பு வரத் தொடங்கிய பிறகுதான் பாடம் பிடிபடுகிறது. அப்படி ஒரு பிள்ளைதான் என்று நான் சொன்ன அதே வகுப்பில், ஒரு வருடத்துக்கு மேலாக அவர் இருந்திருக்கிறார்.

மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். பிறகு நன்றி சொல்ல நேரே அந்தப் புதியவரின் அறைக்குப் போனார். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வருட முடிவில் மற்ற விரிவுரையாளர்களுக்கு முன்னால் என் மண் வகுப்பை நடத்திக் காட்டச் சொன்னார் அதிபர். வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி என்னிடம் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதைத்தாள். மண் பரிசோதனைக் கூடமொன்றில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். இன்றைக்குத்தான் என் பாடம் தனக்குப் பிடித்தது என்றும் சொன்னாள்.

பேசின்களைக் கழுவ அந்தப் புதியவர் உதவிக்கு வந்தார். ஒரு பேசினைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அவ உங்ககிட்ட நிறைய நேரம் பேசினா போல. என்னவாம்?"

சாதாரணமாகக் கேட்கப் பார்த்தார். ஆனால் அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி பற்றி எல்லாம் விவரமாகச் சொன்னேன், விண்ணப்பத்துக்கு உங்களிடமும் வருவாள் என்றேன். அவர் முகம் தெளிந்தது. பாடம் பிடித்தது என்று அவள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.