கியர் ராடின் அடிமுனை

சங்கரன்கோவிலில் நான் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த காலத்தில், டிரைவர்கள் என்றாலே எனக்கு இளக்காரம். ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு.

ஒருநாள் இளையரசனேந்தல் பண்ணை வீட்டு டிரைவர் சுடலைமுத்து பழைய ஜீப்பைக் கொண்டுவந்தார். கியர் ராடு விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"அண்ணாச்சி, ராடோட அடிமுனை தேஞ்சு போச்சு. வெல்டிங் வச்சு அரத்தால ராவிக் குடுங்க" என்றார்.

"எனக்கே பாடம் நடத்துதீரா வே? அங்கன போய் உக்காரும்."

கியர் பாக்ஸ் மூடியைத் திறந்ததுமே அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. ஒரு டிரைவர் சொல்லி நான் செய்வதா? அடிமுனையைத் தொடாமல், மேலே புது ஸ்பிரிங் போட்டு இறுக்கினேன். ராடு விறைத்து நின்றது. "இப்ப ஆட்டிப் பாரும்" என்று நக்கலாகச் சிரித்தேன்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டிக் காட்டினேன். ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றியபோது தேய்ந்த முனை நழுவி, இரண்டு கியர் ஒன்றாக விழுந்துவிட்டது. வண்டி அசையவில்லை. ரயில் வரும் நேரம் என்று கேட் கீப்பர் சிவப்புக் கொடியோடு ஓடினார். நான் ராடை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

சுடலைமுத்து மூடியைக் கழற்றி, ராடை உருவி, ஸ்குரூடிரைவரால் நெம்பி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். இருவரும் வண்டியைத் தள்ளி இறக்கினோம்.

அவர் ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். "வெல்டிங் வைக்க எம்புட்டு நேரம் ஆவும், அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

எத்தனையோ டிரைவர்களை முட்டாள் என்று சிரித்திருக்கிறேன். அவர்களில் ஒருவன்கூட, தெரிந்த பழுதை வீம்புக்கு விட்டுவிட்டுத் தண்டவாளத்தில் ஏறியவன் இல்லை.