மங்காசி மூப்பர் பார்க்காத வீடு

ஏரிக்கு நடுவே இருக்கும் சமோசிர் தீவில் மங்காசி சிமர்மாத்தாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். அறுபத்தெட்டு வயதிலும் கண்ணாடி கிடையாது. ஏரியில் வருவது யார் படகு, அதில் யார் யாரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மேட்டிலிருந்தே சொல்லிவிடுவார். சபை மூப்பருக்கு இப்படி ஒரு கண் இருந்தால் ஊர் என்ன பாடுபடும்!

அந்தக் கண்ணில்தான் லம்ரியா மாட்டினாள். அவருடைய தம்பி மகனின் மனைவி. வெள்ளைக் கோழியோடு மந்திரவாதி சங்காப்பின் வீட்டுக்குள் அவள் நுழைந்ததை மூப்பர் பார்த்துவிட்டார். வெள்ளைக் கோழி ஆவிகளுக்குப் படைப்பது. மூப்பர்கள் கூடி, போனாயா என்று கேட்டார்கள். போனேன் என்றாள். அவ்வளவுதான் விசாரணை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மங்காசியே அவள் பெயரை உரக்க வாசித்து, சபைக்குப் புறம்பாக்கினார். பலிபீடத்தின் முன் நின்று பாவத்தை அறிக்கையிடும்வரை அவளுக்கு இராப்போஜனம் இல்லை. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானமும் இல்லை. செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்று அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மாதம் கழித்து, அவள் மறுபடியும் அதே வீட்டுக்குத் தூக்குப்பாத்திரத்தோடு போவதைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிக்கப் பின்னாலேயே போனார்.

உள்ளே சங்காப் பாயில் கிடந்தார். ஒரு பக்கம் கைகால் விழுந்து, வாய் கோணியிருந்தது. லம்ரியா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா இப்படி?" என்றார் மூப்பர்.

"எட்டு மாசமாச்சு மாமா. உங்க வீட்டு முத்தத்துலேர்ந்து பாத்தா இந்த வீடு தெரியுமே."

"அப்போ அந்தக் கோழி?"

"வெள்ளக் கோழின்னா சூப்பு வைக்கக் கூடாதா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"போனியான்னு கேட்டீங்க, போனேன்னேன். எதுக்குன்னு யாரு கேட்டா? கண்ணால பாத்தேன், கண்ணால பாத்தேன்னு நெஞ்சத் தட்டிட்டுல்ல நின்னீங்க."

மூப்பருக்கு முகம் செத்துப்போயிற்று. பிறவிக்குருடனுக்கு இயேசு கண் கொடுத்த கதையை அவர் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். பார்வை இருந்தும் குருடாயிருந்தவர்கள் அதில் வருவார்கள். அது யாரோ பரிசேயர்கள் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். கஞ்சிப் பாத்திரத்தைத் தானே கழுவி வைத்துவிட்டு நேரே போதகரிடம் போனார்.

"ஏட்டுல அந்தத் தண்டனைய அடிச்சிருவோம் ஐயா, சத்தமில்லாம. ஒங்க மரியாதை என்னாவறது?" என்றார் போதகர்.

"பேர வாசிச்சது சத்தமாத்தான வாசிச்சேன்?"

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பாவிகள் நிற்கும் இடத்தில் போய் நின்றார். முப்பது வருஷமாக மற்றவர்களை நிறுத்திய இடம். ஒரு வார்த்தையைக்கூட மென்று விழுங்கவில்லை. மனுஷன் என்றால் இவர்தான் மனுஷன்.

"லம்ரியா மேல குத்தமில்ல. நோயாளிக்குச் சூப்பு வைக்கப் போனவள நான் பேய்க்குப் படைக்கப் போனான்னு சொன்னேன். பக்கத்துலயே ஒருத்தன் எட்டு மாசமா விழுந்து கிடந்தது எனக்குத் தெரியல. குருடன் நாந்தான். என்ன மன்னிங்க."

"இவரை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று போதகர் சபையைக் கேட்டார்.

யாருக்கும் வாய் வரவில்லை. மூப்பரை மன்னித்து யாருக்குப் பழக்கம்?

கடைசி பெஞ்சில் இருந்தவளுக்குப் பதில் சொல்லும் உரிமை இன்னும் திரும்பி வரவில்லை. அவள்தான் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

"ஏத்துக்குறோம் மாமா," என்றாள்.